யாருக்கு வேண்டாத துணி

தம்பி,

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். உன் கல்யாணத்துக்கு முன்பே நிவேதாவின் சாமான்கள் உன் சென்னை வீட்டுக்கு வந்து இறங்கப்போகின்றன, துணி மட்டும் பெட்டி பெட்டியாக இருக்கிறது என்றாய். "வரட்டும்மா, நானே உக்காந்து பிரிச்சி வேண்டாததெல்லாம் எடுத்து வெட்டிடறேன். எனக்கும் ஒரு மாச வேலைக்குத் துணி ஆச்சி" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை அடுப்பின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல முடியாது. நீ குறுக்கே கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். முழுசாகப் படித்து முடி. பாதியில் எனக்கு போன் செய்யாதே.

நீ பழைய துணியில் கை வைத்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனாத்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். பீரோவில் கிடந்த உன் அப்பாவின் கல்யாணப் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, அதன் சரிகை ஓரத்தை வெட்டி, கூடப்படித்த பெண்ணுக்குத் தோள்பை தைத்துக் கொடுத்துவிட்டாய். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா, மேஜைமேல் மிச்சம் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "கேட்டிருக்கலாம்ல?" என்றார், அவ்வளவுதான். "சும்மாதானப்பா கிடந்துச்சி" என்று நீ சொன்னாய். பட்டுச் சேலையில் பிறந்து பட்டுச் சேலையில் புதைகிற இந்தக் காஞ்சிபுரத்தில், கிழிந்ததையும் மங்கினதையும் எடுத்துப் புதிதாக்குகிறாயே என்று எனக்கு அப்போது பெருமைதான். அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கும் அன்று உறைக்கவில்லை.

பிறகு படிப்பு முடிந்து கிடைத்த வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்துக்கொண்டாய். நம் முன்னறை முழுக்க மற்றவர்கள் வேண்டாம் என்று கொடுத்த துணி. கிழிந்த ஜீன்ஸ், சாயம் போன சுங்குடி, முந்தானை நைந்த பட்டு. நான் தையல் பிரிப்பேன், நீ வெட்டித் தைப்பாய். பை, குழந்தைக் கவுன், ஒட்டுத்துணிக் கோட்டு என்று நீ செய்ததையெல்லாம் சென்னைக் கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக வேலை செய்த காலம் அதுதான். உன்னோடு உட்கார்ந்து செய்தேன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழிப் பக்கம் போய், பெருமாள் கோயில் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வேண்டாத துணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு மூட்டை மூட்டையாக வாங்கி வந்தாய். மறுநாள் நான் பிரிக்க உட்கார்ந்தேன். மெரூன் நிறத்தில் ஓர் உள்பாவாடை. அடி ஓரத்தில் கை அகலத்துக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தது. பாவாடைக்கு யார் இவ்வளவு அகலமாக மடிப்பு வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பிளேடை வைத்தேன். எதிலோ பட்டு நின்றது. உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் சத்தம் வராமலிருக்கப் பஞ்சு சுற்றிய ஒரு பொருள். கம்மல், மெல்லிசாக ஒரு சங்கிலி, குழந்தை விரலுக்கான மோதிரம், தங்கக் காசு. எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

தங்கத்தைவிட என்னை உலுக்கியது அந்தத் தையல்தான், தம்பி. ஓர் அறை பச்சை நூல், இன்னொன்று வெள்ளை, அடுத்தது கறுப்பு. ஒரே நாளில் உட்கார்ந்து தைத்ததில்லை. கையில் கிடைத்த நூலால், கிடைத்த நேரத்தில், யாரும் பார்க்காதபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தது. எந்தப் பெண்ணும் தெரிந்து இதை வேண்டாத துணி மூட்டையில் போட்டிருக்கமாட்டாள் என்று உடனே தோன்றியது. அதை உன்னிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ உள்ளே வந்துவிட்டாய்.

"ம்மா! தங்கமா இது?"

"இரு தம்பி. யாருதுன்னு மெதுவா விசாரிக்கலாம்."

"விசாரிக்கத்தான்மா போறேன்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாய். சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் உன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டுவிட்டாய். திருப்புட்குழியில் கொடுத்த துணியில், ஒரு பாவாடையின் ஓரத்தில் தங்கம் கிடைத்திருக்கிறது, உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உன் நேர்மையைப் பாராட்டி யார் யாரோ எழுதினார்கள். ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினாய். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அதைக் கெடுக்க மனசில்லாமல் நான் சும்மா இருந்துவிட்டேன். நீ செய்ததில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஒரு பொருளை உரியவரிடம் சேர்க்க ஊரைக் கூட்டிச் சொன்னால் போதும் என்று நம்பினாய். ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாத பொருளும் உண்டு என்று உனக்குத் தெரியாது. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவன் வந்தான். நீ ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். பைக்கை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, செருப்போடு உள்ளே வந்தான்.

"அது எங்க வூட்டுத் துணி. நான்தான் மூட்ட கட்டினு வந்து குடுத்தேன். எம் பொண்டாட்டி அவங்க அப்பனுக்கு ஒடம்பு சரியில்லன்னு தாமலுக்குப் போய்க்கிறா. வூட்ல குப்ப மாதிரி கிடந்துச்சேன்னு வாரிப் போட்டேன்."

"அப்ப என்னென்ன பொருள்னு சொல்லுங்கண்ணா. குடுத்துடறேன்" என்றாய் நீ.

அவனால் சொல்ல முடியவில்லை. வளையல் என்றான், செயின் என்றான், பிறகு வாயை மூடிக்கொண்டான். பொருள் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தவனுக்கு முகத்தில் ஒரு நிம்மதி வரும். அவனுக்கு அது இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எனுக்குத் தெரியாம எத்தினி நாளா இந்த வேல பண்ணிகினு இருக்கான்னு தெரியல. அவளையே இட்டுகினு வரேன். அவ வாயால சொல்லட்டும். அப்பறம் வச்சிக்கிறேன்" என்றான்.

"கூட்டினு வாங்கண்ணா. அவங்க அடையாளம் சொன்னா முடிஞ்சிச்சி" என்று நீ நல்லபடியாகத்தான் சொன்னாய்.  நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "தாமல்ல எந்தப் பக்கம்பா? எங்க சொந்தக்காரங்ககூட அங்க இருக்காங்க" என்றேன். ஏரிக்கரைப் பக்கம் என்று சொல்லி மாமனார் பெயரையும் சொன்னான். நாளைக் காலை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, நான் டாக்டரிடம் போகவில்லை. தாமல் பஸ் ஏறினேன்.

வழியில் திருப்புட்குழி நிறுத்தத்தில் பஸ் நின்றது. டீக்கடை வாசலில் அதே பைக். அவன் பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த நான் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். கண்டக்டர் விசில் கொடுக்கிறவரை நிமிரவில்லை. மறுநாள் வரை பொறுப்பானா, இன்றைக்கே மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவானா, நான் போய்ச் சேரும்போது அவனும் அங்கே நிற்பானா என்று தாமல் வரை அதே நினைப்பு.

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. உள்ளே அவள் அப்பா இருமுகிற சத்தம். அவள் மகள், பள்ளிக்கூடம் போகிற குழந்தை, வாசற்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்க வூட்டுக்காரர் போட்ட மூட்டையில ஒரு மெரூன் பாவாடை" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கையிலிருந்த ஈரத் துணி கீழே விழுந்துவிட்டது.

"அக்கா, அத்த யாராவது பிரிச்சாங்களா?"

"நான்தான்மா பிரிச்சேன்."

"அவருக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டி, நீ குரூப்பில் போட்டதையும் சொன்னேன். அவள் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கம்மல் பச்சை நூலில் தைத்தது, கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த நூல். மோதிரம் மகளுக்குப் போட்டிருந்தது, தொலைந்துபோய்விட்டது என்று வீட்டில் பொய் சொல்லி, அதற்காக அடி வாங்கியது. சங்கிலி அவள் அம்மா சாகும்போது கொடுத்தது. மகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிற நாளுக்காகச் சேர்த்துவைத்தது எல்லாம். "தெனம் அத்தக் கட்டிகினு இருந்தா கண்ணுல பட்டுடும்னு பழைய துணியோட மடிச்சி வச்சிருந்தேங்கா. பழசுல கை வைக்கமாட்டார்னு நெனச்சேன்" என்றாள்.

நாளைக்கு உன்னை அழைத்துவரப் போகிறான் என்றேன். கீழே விழுந்த துணியை எடுத்து மண்ணைத் தட்டினாள். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "என்னுதுன்னு சொன்னா எதுக்கு ஒளிச்சி வச்சன்னு கேட்டு என்ன உயிரோட விடமாட்டார். பொருளும் போயிடும். என்னுது இல்லன்னு சொல்லிடறேங்கா. நீங்க வச்சிருங்க."

"என்ன யாருன்னுகூட உனுக்குத் தெரியாதேமா."

"எனுக்குன்னு தேடிகினு பஸ் ஏறி வந்தீங்களே" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, தான் சொல்கிறவரை ஒருவருக்கும், ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி, வாக்கு வாங்கிக்கொண்டாள். "உங்க புள்ளைக்கும் வேணாம்கா. அவரு எல்லாத்தையும் போன்ல போட்டுடறார்."

கோபப்படாதே. அவள் சொன்னதில் அன்றைக்குத் தப்பு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பாவாடையை எடுத்து வெட்டியது. பாவாடையைப் பார்த்தால் அவன் அடையாளம் கண்டுகொள்வான், பிறகு அவள் இல்லை என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. சதுரம் சதுரமாக வெட்டி, நீ போர்வைக்கு வைத்திருந்த ஒட்டுத்துணிக் குவியலில் கலந்துவிட்டேன். நீ பார்த்துவிட்டாய். "ஏம்மா வெட்டின? அடையாளமே அதுதானமா!" என்று கத்தினாய். கைமறதி என்றேன். நீ நம்பவில்லை. நான் கைமறதியாக எதையும் வெட்டுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் நடந்ததில் பாதியை நீயே பார்த்தாய். அவளை முன்னால் நடக்கவிட்டு அவன் பின்னால் வந்தான். நாம் வேண்டாம் என்று சொல்லியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பீரோவிலிருந்து நீ அந்தத் தங்கத்தை முடிந்துவைத்திருந்த கைக்குட்டையை எடுத்துவந்து வெட்டு மேஜைமேல் அவிழ்த்தாய். அவள் குனிந்து பார்த்தாள். தன் அம்மா கொடுத்த சங்கிலி, தன் குழந்தையின் மோதிரம். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, தம்பி. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"என்னுது இல்ல" என்றாள்.

"நல்லாப் பாருடி."

"என்னுது இல்லங்க. தங்கத்துக்கு நான் எங்க போவேன்?"

அவன் என் பக்கம் திரும்பினான். "அந்தப் பாவாட எங்க? அத்தக் காட்டு. எங்க வூட்டுதா இல்லையான்னு நான் சொல்றேன்."

"வெட்டிட்டேன்பா. துணிய வெட்றதுதான எங்க வேலை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர், "அந்தப் பொண்ணே இல்லன்னுது, உடுப்பா" என்றார். அவன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். போகும்போதும் அவள் அந்த மேஜையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் தெருவைத் தாண்டும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

அதற்குப் பிறகு அவன் சில நாள் எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடை வாசலில் பைக்மேல் உட்கார்ந்து நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், நினைவிருக்கிறதா? நீ போலீஸ் ஸ்டேஷனில் பொருளை ஒப்படைத்துவிடலாம் என்றாய். முறைப்படி அதுதான் சரி. ஆனால் அங்கே போய் என்னுடையது என்று நிற்கப்போகிறவன் யார்? அவன்தான். அதனால் நீ குளிக்கப்போன நேரத்தில் பீரோவைத் திறந்து எடுத்துவிட்டேன். "உரியவங்ககிட்ட சேத்துட்டேன்" என்று சொன்னேன்.

"யாருமா?"

"சொல்ல முடியாது தம்பி."

"குரூப்ல எல்லாரும் கேக்கறாங்கமா. நான் இன்னா பதில் போடறது?"

"கிடைச்சிச்சின்னு போடு."

நீ போட்டாய். அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. யாரிடம் கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள், பாவாடையை எதற்கு வெட்டினாள். தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. துணி கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளில், "இவங்ககிட்ட குடுத்தா மடிப்பெல்லாம் தடவிப் பாத்துட்டுத்தான் குடுக்கணும்" என்று சிரித்தார்கள். பிறகு கொடுப்பதையே நிறுத்தினார்கள். உன் ஆர்டர்கள் தள்ளிப்போயின. நேர்மை என்று உன்னைப் புகழ்ந்த அதே ஆட்கள் உன்னிடமே கிண்டலாகக் கேட்டார்கள். உனக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் நீ சாப்பிடாமல் எழுந்துபோனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் சென்னையில் சிநேகிதனோடு சேர்ந்து இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாய். மெஷினை ஆட்டோவில் ஏற்றினாய். அப்பா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நீ திரும்ப உள்ளே வந்து, என் முன்னால் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாய்: "ஒண்ணு மட்டும் சொல்லுமா. நீ வச்சிக்கினியா?"

நான் பதில் சொல்லவில்லை. நீ போய்விட்டாய்.

அந்த நிமிஷம் அது என் பாவாடை ஓரத்தில் இருந்தது, தம்பி. அவள் தைத்த மாதிரியே அறை அறையாகத் தைத்து நான் கட்டியிருந்தேன். வீட்டில் எங்கே வைத்தாலும் உன் கண்ணில் படும் என்று பயந்து அப்படிச் செய்தேன். நீ கேட்கும்போது அது என் காலைச் சுற்றி இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இது உனக்கு என் பதில். ஆமாம், வைத்திருந்தேன்.

அந்த மாதங்களில்தான் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. உட்காரும்போது ஓரம் தரையில் இடிக்கக்கூடாது. துவைத்தால் யாரும் கொடியிலிருந்து எடுத்துவிடக்கூடாது. படியேறும்போது, பஸ்ஸில் நெரிசலில், எப்போதும் அந்தக் கனம். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நடப்பது. நான் சில மாதம்தான் கட்டினேன். அவள் வருஷக்கணக்கில் பயந்து பயந்து தைத்திருக்கிறாள். உன் அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் நான் மாடிப்படி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "தடுக்கப்போவுது, பாத்து எறங்கு" என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. கம்பெனி பஸ்ஸில் ஒருவன் ஏதோ கேட்டதற்கு, "எம் பொண்டாட்டி செஞ்சா காரணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அந்த ஆள் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் பெரிய லீவு விட்ட பிறகு, தாமலில் நான் கொடுத்துவந்த நம்பருக்கு அவள் போன் செய்தாள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். நீ விட்டுப்போன பைகளில் ஒன்றை எடுத்தேன். பழைய ஜீன்ஸும் ஒரு பட்டுப்புடவையின் பார்டரும் சேர்த்து நீ தைத்தாயே, உள்ளே கெட்டியான லைனிங் கொடுத்து, அது. லைனிங்கைப் பிரித்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் மகளோடு கடைசி பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை மட்டும். அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்படியே வந்துவிட்டதாகச் சொன்னாள். கண் பஸ்கள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

பையைக் கொடுத்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குதாக்கா" என்று கேட்கக்கூட இல்லை. என் தோளில் நெற்றியை வைத்தாள். குழந்தை, "பை நல்லாருக்குதும்மா" என்றது. பஸ் வந்தது. ஏறினார்கள். அது எந்த ஊர் பஸ் என்று நான் பார்க்கவில்லை. போர்டு கண்ணில் படாமலிருக்க முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். தெரிந்தால் யாராவது மிரட்டிக் கேட்கும்போது சொல்லிவிடுவேனோ என்று பயம். நினைத்த மாதிரியே மறுநாள் அவன் வந்தான். "இங்க வந்தாளா?" என்று கத்தினான். "வரலபா" என்றேன். நம் வீட்டுக்கு அவள் வரவில்லைதானே. அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

உன்னிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாக்கு கொடுத்திருந்தேன் என்பது உண்மை. அதையும் தாண்டி, நான் உன்னை நம்பவில்லை என்பதும் உண்மை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, ஊர் வாயை அடைக்க, நீ அவள் கதையை எங்கேயாவது சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். என் பெயருக்காக நீ அப்படிச் செய்யக்கூடியவன்தான். உன் பாசத்தைக் கண்டே நான் பயந்தேன் என்று வைத்துக்கொள். அதில் உனக்கு வலித்திருந்தால், எனக்கும்தான்.

இப்போது சொல்ல முடிகிறது. நீ பேசியதற்கு இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். கோர்ட்டு விவகாரம் முடிந்துவிட்டது, குழந்தை அவளிடம்தான். கம்மலையும் காசையும் விற்று மெஷின் போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறாளாம். "இனிமே சொல்லுங்கக்கா. மொதல்ல உங்க புள்ளகிட்ட சொல்லுங்க. என்னால நீங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசாம இருக்கறது எனுக்குத் தாங்கல" என்றாள். உன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். நிவேதாவின் துணியைப் பற்றி நீ சொன்னதையும் சொன்னேன்.  உடனே, "அவங்க துணிய அவரு தொட வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

நிவேதா பயந்து ஒளிக்க வேண்டிய வீடு உன் வீடு இல்லை, எனக்குத் தெரியும். நீ யார்மேலும் கை ஓங்குகிறவன் இல்லை. ஆனால் அவளைக் குனிந்து போகவைக்க கை ஓங்க வேண்டும் என்று அவசியமில்லை. அவள் பெட்டியை அவள் இல்லாதபோது திறந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று நீ பிரித்து வைத்தால் போதும். அன்பாகவே செய்யலாம், சிரித்துக்கொண்டே செய்யலாம். அதற்குப் பிறகு அவள் எதையாவது தனக்கென்று வைத்துக்கொள்ள ஓர் இடம் தேட ஆரம்பிப்பாள். நைந்துபோன ஒரு சுடிதார் அவளுக்கு எதற்கு என்று உனக்குப் புரியவேண்டியதில்லை. அவள் கொண்டுவந்து உன் மேஜைமேல் போட்டு, வெட்டு என்று சொன்னால் வெட்டு. உன் தொழிலுக்கும் இதைத்தான் சொல்வேன். மூட்டையை நீட்டுகிறவரிடம், இது யாருடைய துணி, அவங்களுக்குத் தெரியுமா என்று கேள். நாலு மூட்டை குறையும். குறையட்டும். இனி மடிப்பில் ஏதாவது கிடைத்தால் போனை எடுக்காதே. அதை மூடிவைத்துவிட்டு, யார் இதைத் தைத்தார்கள், யாருக்குத் தெரியாமல் தைத்தார்கள் என்று முதலில் யோசி.

ஊரில் இந்தப் பேச்சைத் திருத்த நீ எதுவும் செய்ய வேண்டாம். குரூப்பில் ஒரு வரிகூடப் போடாதே. குழாயடியில் அவர்கள் பேசுவதைப் பேசட்டும். எனக்கு நீ தெரிந்துகொண்டால் போதும்.

கல்யாணத்துக்கு அவள் வருகிறாள். நான்தான் கூப்பிட்டேன். கூட்டத்தில் பார்த்ததுமே உனக்கு அடையாளம் தெரிந்துவிடும். அன்று நம் வெட்டு மேஜை முன்னால் நின்ற அதே முகம்தான். பக்கத்தில் ஒரு சிறுபெண் இருப்பாள். மேடைக்கு வந்து நிற்பாள், என்ன பேசுவது என்று தெரியாமல் தயங்குவாள். நீ மன்னிப்பு கேட்க ஆரம்பித்துவிடாதே. எங்கே இருக்கிறீர்கள், எந்த ஊர் என்று கேட்காதே. உன் போன் யார் கையிலாவது இருந்தால் முதலில் வாங்கிப் பையில் போட்டுக்கொள். நிவேதாவிடம், "இவங்க எங்க அக்கா" என்று சொல். அதற்குப் பிறகு, "மொதப் பந்தியில உக்காருங்கக்கா, பாப்பாவுக்குப் பசிக்கும்" என்று சொல்லி, நீயே கூட இறங்கிப் போய் உட்காரவைத்துவிட்டு வா.

அம்மா